ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய கொம்பை ஊருக்குக் கொண்டுவர: செய்ய வேண்டியதும் ஆகும் செலவும்

தூத்துக்குடியில் சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். வீடு பாளையங்கோட்டையில். நம்ம பக்கத்து ஆட்கள் நமீபியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா என்று கணக்கு வேலைக்கும் சுரங்க வேலைக்கும் போகிறார்கள். அங்கே லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போவது சட்டப்படி நடக்கிற விஷயம். கூட வேலை பார்க்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள், இவர்களும் போகிறார்கள். அப்புறம் எனக்கு போன் வருகிறது: "அண்ணாச்சி, ஒரு குடு மான் தலை இருக்கு. வீட்டு ஹால்ல மாட்டணும். எவ்வளவு ஆகும்?"

எவ்வளவு ஆகும் என்பதை இரண்டாவதாகத்தான் பார்க்க வேண்டும். வருமா வராதா என்பது முதல் கேள்வி. இதைத் தலைகீழாகக் கேட்டதால் நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். பெட்டி வந்து கிட்டங்கியில் இறங்கிய பிறகுதான் அவர் எங்களிடம் வந்தார். அங்கே எல்லாம் முறையாகத்தான் செய்திருந்தார், ரசீது வரைக்கும் வைத்திருந்தார். இந்தியப் பக்கம் எந்த அனுமதியும் கேட்கவில்லை. கிட்டங்கி வாடகை நாளுக்கு நாள் ஏறியது. கடைசியில் கொம்பும் வீட்டுக்கு வரவில்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை. அவருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில்: துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே கேட்க வேண்டியது

வேட்டைக்குப் பணம் கட்டும் முன்பு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, அந்த நாட்டில் வேட்டைக்கு அனுமதி உண்டா? ஆப்பிரிக்கா முழுக்க ஒரே சட்டம் கிடையாது. கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை. நைரோபியில் இருந்துகொண்டு "ஒருத்தர் கொம்பு தர்றேங்கார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். போட்ஸ்வானா 2014இல் நிறுத்தி 2019இல் மறுபடியும் திறந்துவிட்டது. நமீபியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் அனுமதியோடு உண்டு.

இரண்டு, அந்த விலங்கு சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறதா? அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் போட்ட ஒப்பந்தம் அது. 1975இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1976இல் சேர்ந்தது. அதில் மூன்று பட்டியல், முதல் பட்டியலில்தான் கட்டுப்பாடு மிகக் கடுமை. சிறுத்தை முதல் பட்டியல். ஆப்பிரிக்கச் சிங்கமும் நீர்யானையும் இரண்டாம் பட்டியல். ஒட்டகச்சிவிங்கி 2019இல்தான் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது, அதனால் பழைய அனுபவத்தை வைத்துப் பேசுகிறவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வரிக்குதிரையில்கூட இனம் பார்க்க வேண்டும். சமவெளி வரிக்குதிரை பட்டியலில் இல்லை, ஹார்ட்மன் மலை வரிக்குதிரை இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நமீபியாவில் இரண்டும் உண்டு! பெரிய குடு, இம்பாலா, ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக் ஆகிய மான் வகைகள் பட்டியலில் இல்லாதவை.

மூன்றாவதைத்தான் நம்ம ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். இந்தியா உள்ளே விடுமா? சைட்டீஸ் பட்டியலில் இல்லை என்றால் இந்தியாவுக்குள் தாராளமாக வரலாம் என்று அர்த்தம் ஆகாது. இங்கே மூன்று கதவு. வெளிநாட்டு வணிக இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி, ஒவ்வொரு பொருளின் குறியீட்டு எண்ணுக்கும் இறக்குமதிக் கொள்கை வைத்திருக்கிறது. வனவிலங்கின் உறுப்பு, தோல், தந்தம் என்று வரும்போது 'தடை', 'கட்டுப்பாடு' என்ற சொற்களைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள். அடுத்தது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022இல் அதைத் திருத்தி, சைட்டீஸ் பட்டியலை நான்காம் அட்டவணையாகவே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. மூன்றாவது கதவு கால்நடை நோய்த் தடுப்பு. சென்னை பள்ளிக்கரணையில் மத்திய அரசின் விலங்கு நோய்த்தடுப்பு நிலையம் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இது. விலங்கின் அறிவியல் பெயர், என்ன உருவத்தில் வருகிறது (வெறும் மண்டையோடும் கொம்புமா, உயிரோடு இருப்பதுபோல் தெரிய தோலைப் பதப்படுத்திப் பாடம் செய்த தலையா, தோலா), எந்த நாடு, சொந்த உபயோகத்துக்கா என்று நாலு வரி எழுதி டிஜிஎஃப்டிக்கு அனுப்புங்கள். நமக்குப் பக்கத்து அலுவலகம் மதுரையில். அதே கடிதத்தைச் சென்னையில் இருக்கும் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் தென்மண்டல அலுவலகத்துக்கும், பள்ளிக்கரணைக்கும் அனுப்புங்கள். சுங்கத்தில் விலங்குப் பொருள் வந்தால் அடையாளம் பார்க்க அதிகாரிகள் கூப்பிடுவது அந்தப் பணியகத்தைத்தான், அதனால் அவர்கள் வாயால் முன்கூட்டியே பதில் வாங்கிவிடுவது நல்லது. பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் "வரும், வரும்" என்று யார் சொன்னாலும் அது கிட்டங்கி வாசலில் செல்லாது. பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். 'முடியாது' என்று பதில் வந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதல் பட்டியல் விலங்குக்கு இன்னொரு நிபந்தனை. இறக்குமதி பர்மிட்டை இந்தியா முதலில் கொடுத்தால்தான் அந்த நாடு ஏற்றுமதி பர்மிட் கொடுக்கும். என்னைக் கேட்டால், பூனை இனம், யானை, காண்டாமிருகம் இவற்றின் பக்கமே போக வேண்டாம். நம்ம பக்கத்திலேயே முண்டந்துறையில் புலிக்காப்பகத்தை வைத்துக்கொண்டு, சிறுத்தைத் தலையை ஹாலில் மாட்ட நினைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

வெளிமான் விஷயத்தில் தனி எச்சரிக்கை

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் வல்லநாடு வெளிமான் சரணாலயம். 1987இல் அறிவித்தது, 16.41 சதுர கிலோமீட்டர். இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் தென்கோடி அதுதான். சின்ன வயசில் பஸ் ஜன்னல் வழியாக முறுக்குக் கொம்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன்.

இதே வெளிமானை அமெரிக்காவில் டெக்சஸிலும், அர்ஜென்டினாவிலும் கொண்டுபோய் விட்டு வளர்த்து, பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடுகிறார்கள். அங்கே அது சட்டபூர்வம். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை விலங்கு. அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 வருஷம், 7 வருஷம் வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னும் கடுமை. பொருள் உங்கள் கையில் இருந்தால் அது முறைகேடாக வந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். வெளிமான் கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு "இது வல்லநாட்டு மான் இல்லை சார், டெக்சஸ் மான்" என்று நிற்கிற நிலை யாருக்கும் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கிற நம்ம பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டது. அங்கே நடக்க வேண்டியது

வேட்டை நடத்துகிறவரிடம் ஒப்பந்தம் எழுதும்போதே ஏற்றுமதி வேலையை யார் பார்ப்பது என்று கேளுங்கள். வேட்டைக் கட்டணத்தில் அது அடங்காது. நாள் வாடகை தனி, விலங்குக்கான 'டிராஃபி ஃபீஸ்' தனி. காயம்பட்டு ஓடிப்போய்க் கிடைக்காமல் போன விலங்குக்கும் அந்த ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது அங்கே பொதுவான வழக்கம்.

தோலையும் மண்டையோட்டையும் அப்படியே அனுப்ப முடியாது. தோலை உப்புப் போட்டுக் காயவைத்து, மண்டையோட்டை வேகவைத்துச் சதை நீக்கி, பூச்சிமருந்துக் கரைசலில் முக்கி, பெட்டியில் அடைப்பார்கள். இந்த வேலைக்கு அங்கே 'டிப் அண்ட் பேக்' என்று பெயர். கோமாரி, அடைப்பான் போன்ற நோய் தோலோடும் எலும்போடும் நாடு தாண்டிவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவும். அரசுக் கால்நடை மருத்துவர் சான்றிதழ் இதற்குப் பிறகுதான் கிடைக்கும். மாசக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தினால் ஈரத்தோடு அடைத்துவிடுவார்கள். ஈரத்தோல் நம்ம ஊர்ச் சூட்டில் பெட்டியைத் திறக்கும்போதே முடி உதிரும்.

அடுத்து ஒரு பெரிய முடிவு: தலையைப் பாடம் செய்து கொண்டுவருவதா, மண்டையோடும் கொம்பும் மட்டும் போதுமா? பழைய காலத்தில் தென்னிந்திய ஜமீன்களும் ராஜாக்களும் மைசூர் வான் இன்கென் பட்டறைக்கு அனுப்பினார்கள். அது 1999இல் மூடிவிட்டது. இந்தியாவில் பாடம் செய்யும் தொழிலுக்கே லைசென்ஸ் வேண்டும், ஆட்களும் அருகிவிட்டார்கள். ஆகவே 'தோலைக் கொண்டுவந்து இங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் சரிவராது. பாடம் செய்வதானால் அங்கேயே செய்து முடித்துவிட வேண்டும். ஆனால் என் யோசனை, கொம்போடு மண்டையோடு மட்டும் போதும் என்பதுதான். காரணம் கணக்கில் இருக்கிறது.

பெட்டியின் கணக்கு

விமானச் சரக்கில் எடை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் எடையாக்கிப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது கன எடை. அதுவும் நிஜ எடையும், எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

தோள்வரை பாடம் செய்த ஒரு குடு தலைக்குப் பெட்டி 120, 90, 90 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 9,72,000. வகுத்தால் 162 கிலோ. உள்ளே இருப்பது அதில் கால்வாசி எடைகூட இருக்காது, ஆனால் 162 கிலோவுக்குக் காசு. அதே மானின் மண்டையோட்டைத் தனியாகவும் கொம்பைக் கழற்றித் தனியாகவும் 100, 40, 40 பெட்டியில் வைத்தால் 1,60,000, வகுத்தால் 27 கிலோவுக்குள் முடிந்துவிடும். குடு, ஜெம்ஸ்பாக் போன்றவற்றின் கொம்பு உள்ளே எலும்புத் தண்டின் மேல் உறைபோல இருக்கும், வேகவைத்த பிறகு உருவிவிடலாம். உருவி அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதால் சரக்குக் கட்டணம் ஐந்து ஆறு மடங்கு ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

கப்பலில் கணக்கு வேறு. சின்னச் சரக்கைப் பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரில் போடுவார்கள். ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், எது அதிகமோ அது. பெரும்பாலும் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் காசு. மேலே சொன்ன பெரிய பெட்டி 0.97 கன மீட்டர், சின்னது 0.16. இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான் வரும். ஆகவே மண்டையோடு மட்டும் என்றால் விமானம், பாடம் செய்த தலை என்றால் கப்பல். நாலு பேர் சேர்ந்து போயிருந்தால் ஒரே பெட்டியாகக் கட்டி கப்பலில் அனுப்பலாம் என்று தோன்றும். எனக்கு அது பிடிக்காது. ஒருவருடைய காகிதத்தில் பிழை என்றால் நாலு பேருடைய பெட்டியும் நின்றுவிடும்.

கப்பல் பெட்டி பெரும்பாலும் கொழும்பில் மாறி தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும். விமானம் என்றால் வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் உதவாது, அங்கே உள்நாட்டு விமானம்தான். சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வரவைக்க வேண்டும். வனவிலங்குப் பொருளை எந்தத் துறைமுகம், எந்த விமான நிலையம் வழியாகவும் கொண்டுவந்துவிட முடியாது. எந்த வாசல் என்பதையும் அந்த முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். 2015இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தைக் கொன்ற விவகாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் வேட்டைப் பொருளை ஏற்றுவதை நிறுத்தின. எந்த விமானம் ஏற்றும், நடுவில் எந்த நாட்டில் இறங்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

மரப்பெட்டி என்றால் அதில் சூடேற்றியதற்கான முத்திரை இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மரத்தின் உள்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடேற்றியதற்கு அடையாளம் அது. முத்திரை இல்லாத மரம் வந்தால் அதற்கு வேறு தனிச் செலவு, தனித் தாமதம்.

சூட்கேசில் கொண்டுவரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது. விமான நிலையத்தில் 'சுங்கத்தில் காட்ட ஒன்றும் இல்லை' என்கிறவர்களுக்கான பச்சை வழியில் நடந்து போய்ப் பிடிபட்டால் பறிமுதல் மட்டும் அல்ல, வழக்கும் வரும்.

காகிதங்கள்

வேட்டை அனுமதி, கால்நடைச் சான்றிதழ், டிராஃபி ஃபீஸ் ரசீது, பாடம் செய்திருந்தால் அந்தப் பில், பெட்டியில் உள்ளவற்றின் பட்டியல், ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) அல்லது பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது), இந்தியாவில் எழுத்தில் வாங்கிய பதில்கள், பாஸ்போர்ட், ஆதார், பான். சொந்த உபயோகத்துக்கு என்றால் இறக்குமதியாளர் குறியீட்டு எண், அதாவது ஐஇசி, தேவையில்லை.

பட்டியல் விலங்கு என்றால் சைட்டீஸ் பர்மிட்டின் அசல் வேண்டும். அதை வரிவரியாகப் படியுங்கள். அறிவியல் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்தி வாங்குங்கள். நோக்கம் என்ற கட்டத்தில் வேட்டைப் பொருளுக்கு 'எச்' என்ற எழுத்து, காட்டிலிருந்து எடுத்தது என்றால் மூலம் என்ற கட்டத்தில் 'டபிள்யூ'. ஏற்றுமதி பர்மிட் 6 மாசம்தான் செல்லும், அதற்குள் பெட்டி கிளம்பி இங்கே வந்தும் சேர்ந்துவிட வேண்டும். சரக்குப் போன பிறகு பர்மிட் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற ஏஜென்டிடமிருந்து விலகிவிடுங்கள். பர்மிட் முதலில், சரக்கு பிறகு. அந்த வரிசை மாறவே கூடாது.

பெட்டி மேலே உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம்ம ஊரில் அப்பா பெயர் முன்னால் வரும், அங்கே பின்னால் போடுவார்கள். இதற்கே இரண்டு நாள் போயிருக்கிறது.

இங்கே வந்த பிறகு

கிளியரிங் ஏஜென்டிடம் சுங்க லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது தப்பில்லை, எங்களை யாராவது கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவோம். கப்பலில் வரும் பெட்டிக்கு முந்தின நாளே, விமானத்தில் வந்தால் வந்த நாள் முடிவதற்குள், பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம், போட வேண்டும் என்பது பொது விதி. தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளுக்கு 5,000, அதற்குப் பிறகு நாளுக்கு 10,000 ரூபாய். ஆகவே காகிதத்தின் நகல் ஏஜென்ட் கையில் பெட்டிக்கு ஒரு வாரம் முன்பே இருக்க வேண்டும். இறக்கி 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை விற்கச் சட்டத்தில் இடம் உண்டு. வனவிலங்குப் பொருளை ஏலம்விட மாட்டார்கள், ஆனால் உங்களுக்கும் கிடைக்காது.

வரி எப்படி வருகிறது என்று ஒரு மாதிரிக் கணக்கு. பொருளின் மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வைப்போம். விமானக் கட்டணம் நிஜத்தில் 80,000 ஆகியிருந்தாலும், வரிக் கணக்கில் பொருள் மதிப்பின் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று விதி, அதாவது 20,000. இது பலருக்குத் தெரியாது, ஏஜென்டிடம் நினைவுபடுத்துங்கள். காப்பீட்டுக் காகிதம் இல்லை என்றால் 1.125 சதவீதம், 1,125. மொத்தம் 1,21,125. அடிப்படை வரி 10 சதவீதம் என்று வைத்தால் 12,112.50. அதன் மேல் சமூகநலக் கூடுதல் வரி அதில் பத்தில் ஒரு பங்கு, 1,211.25. எல்லாம் கூட்டிய 1,34,448.75க்கு ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்தால் சுமார் 24,200. ஆக வரி மட்டும் 37,500 பக்கம். விகிதம் பொருளின் குறியீட்டைப் பொறுத்து மாறும். பாடம் செய்த தலைக்கு ஒரு தலைப்பு, வெறும் கொம்புக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. வருகிற வருஷத்து விகிதத்தை அப்போது பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் நடை இதுதான்.

மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். டிராஃபி ஃபீஸ் ரசீது இருக்கும்போது 'அன்பளிப்பு, மதிப்பு இல்லை' என்று எழுதினால் அதிகாரி மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்.

இதற்கு மேல் கிட்டங்கிக் கூலி, டெலிவரி ஆர்டர் கட்டணம், ஏஜென்ட் கூலி, அதிகாரிகள் பார்வையிடப் பெட்டியைத் திறந்து மூடும் கூலி, வண்டி வாடகை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான், ஒரு சின்ன வண்டி போதும். சென்னை என்றால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். கிளம்பும் முன்பு இவை ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, அங்குள்ள ஏஜென்டிடமும் இங்குள்ள ஏஜென்டிடமும் தனித்தனியாக விலை வாங்குங்கள். 'வீடுவரை மொத்தமாக இவ்வளவு' என்று ஒரே தொகை சொல்கிறவரிடம் எது எது அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். கிட்டங்கி வாடகையும் வரியும் அந்தத் தொகையில் அநேகமாக இருக்காது.

வீட்டில்

வழியில் வண்டிக்காரர் கையில் பில் ஆஃப் என்ட்ரியின் நகல் இருக்கட்டும். வல்லநாடு தாண்டும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு.

சுவரில் மாட்டிய பிறகு எல்லாக் காகிதத்தின் நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பலகையின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். அசல் பீரோவில். உங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் நிரூபிக்க வேண்டியிருக்கும், எந்த உறை எங்கே என்று அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். விற்கவோ, சென்னையில் மச்சான் வீட்டுக்குக் கொடுக்கவோ நினைத்தால் முதலில் வனத்துறையைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தா காலத்து மான் கொம்பு, காட்டெருமைக் கொம்பு தொங்குவது உண்டு. அதற்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் காட்டாமல் விட்டவர்களுக்கு 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. சான்றிதழ் இருந்து, வைத்துக்கொள்ள விருப்பம் இல்லை என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம், பணம் ஒன்றும் தர மாட்டார்கள். சான்றிதழ் இல்லாத பழைய கொம்பு வீட்டில் இருந்தால், ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஒன்றை வரவழைக்கும் முன்பு ஒரு வக்கீலைப் பார்த்து அந்தப் பழையதற்கு வழி தேடுங்கள். புதியதன் காகிதத்தைப் பார்க்க வருகிற அதிகாரி பக்கத்துச் சுவரையும் பார்ப்பார்.